மூன்று மணி நேரத்துக்கு முழுச் சம்பளம்

அந்தத் தெருவில் யாருடைய இடுப்பு எத்தனை இஞ்ச் கூடியது, யார் வீட்டுப் பிள்ளை ஒரே வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தது, எந்தக் கணவனும் மனைவியும் தனித்தனியாகத் துணி கொண்டுவர ஆரம்பித்தார்கள் என்பதெல்லாம் ஜிப்பம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். அவள் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும் என்பது ஒரு காரணம். அடுத்தவர் அளவை வெளியில் சொல்வது தொழிலுக்கு அழகல்ல என்பது இன்னொன்று.

அவளுடைய கடை ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே போகப் போகக் கூரை சரிந்துகொண்டே வரும். உயரமான ஆள் யாராவது துணி கொடுக்க வந்தால் வாசலில் தலை குனிந்து, உள்ளே வந்ததும் இன்னொரு முறை குனிய வேண்டும். ஒரு தையல் மெஷின், ஒரு மேஜை, சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கத் துணி. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, கிழிசல் மறைப்பது என்று எல்லாம் செய்வாள். ஆனாலும் பல் போன ஜிப்பை உயிர்ப்பிப்பதில் அவளுக்கு ஒரு தனிக் கை உண்டு. அதனால் வந்த பெயர்தான் ஜிப்பம்மா. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் அவள் தனியாள். வேறு ஒருவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால்கூட அதை உருவிவிட்டுத் திரும்பக் கோப்பாள்.

கட்டடத்தின் முன்பக்கம், தெருவைப் பார்த்தாற்போல, ஒரு பெரிய சட்டைக் கடை. அது அவள் புருஷனுடைய அண்ணன் நடத்துவது. வீட்டில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவள் மாமா என்று கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் ஜிப்பம்மா தையல் பழகியது அங்கேதான். பழகியது என்று பெயர். நாலே மாதத்தில் அவள் மற்றவர்களைவிட வேகமாகச் சட்டை முடித்துக் கொடுத்தாள். ஆனாலும் மூன்று வருஷம் கைக்குக் காசு வரவில்லை. கேட்டபோதெல்லாம் பெரியவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "கத்துக்கற காலத்துல காசு பேசக் கூடாதும்மா." கற்றுக்கொள்வது எப்போது முடியும் என்று கேட்டதற்கு, தொழிலில் கற்றுக்கொள்வது முடியவே முடியாது என்றார். மறுநாள் அவள் வரவில்லை. காதில் கிடந்ததைக் கழற்றி விற்று ஒரு பழைய மெஷின் வாங்கி, யாரும் சீந்தாமல் விளக்குமாறு வைத்திருந்த அந்தப் படிக்கட்டு அறையை வாடகைக்குப் பிடித்தாள். அன்றிலிருந்து பெரியவரோடு நல்லது கெட்டதுக்குப் பேச்சு உண்டு. தொழில் பேச்சு கிடையாது.

அவளுக்கு ஐம்பத்தொன்று நடக்கும்போது வலதுகை மணிக்கட்டு மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் விரல்கள் மரத்துப்போயின. பிறகு காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் நழுவி விழுந்தது. ஒருநாள் மத்தியானம் வக்கீல் ஒருவரின் கறுப்பு பேன்ட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இடதுகால் வலதுகாலைவிட இரண்டு இஞ்ச் குட்டை. வாழ்க்கையில் முதல்முறையாகப் புதுத் துணி வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். வக்கீல் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். "நரம்பு அழுந்தியிருக்கு. கத்தரிக்கோலும் மெஷினும் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடாது. மீறினா ஆபரேஷன்."

"பத்து மணி நேரம் தைக்கிறவகிட்ட ரெண்டு மணி நேரம்னா எப்படி டாக்டர்?"

"மீதி எட்டு மணி நேரத்துக்கு வேற கையைத் தேடுங்க" என்றார் அவர், மருந்துச் சீட்டிலிருந்து தலை நிமிராமல்.

மகள் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். ஆபீஸ் பையைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னாள். "கடையை மூடும்மா. நான் சம்பாதிக்கிறேன் இல்ல? போதும், இனிமே ஓய்வெடு."

"ஓய்வு எடுத்தா என்ன பண்றது?"

"டி.வி. பாரு."

"நீ என்னை உயிரோட சுவத்துல மாட்டப் பார்க்கிறே" என்றாள் ஜிப்பம்மா.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் லிஃப்டே எட்டுப் பேருக்கு மேல ஏத்த மாட்டேன்னு மணி அடிக்குது. இவ கை ஏன் அடிக்கக் கூடாது? ஆள் வை. மூடறது எப்ப வேணா மூடலாம்."

ஆள் வைப்பது என்றால் சும்மாவா? முழுநாள் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் வாடகைக்கு மிஞ்சாது. ராத்திரியெல்லாம் புரண்டு யோசித்தவள், காலையில் தெளிவாகத்தான் எழுந்தாள். முழுநாள் ஆள்தானே கட்டாது? தனக்கு நிஜமாகவே ஆள் தேவைப்படுவது எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் கவனித்துப் பார்த்தாள். அளவெடுப்பது, குண்டூசி குத்துவது, எந்த ஜிப் எதற்குப் பொருந்தும் என்று முடிவு செய்வது எல்லாம் அவளே செய்யலாம். நேரத்தைத் தின்றது நேர்த்தையல்தான். பேன்ட் ஓரம், பாவாடை ஓரம், திரைச்சீலை ஓரம். அதற்கு மூன்று மணி நேரம் போதும்.

ஒரு அட்டையில் கோணல் எழுத்தில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டாள். 'தையல் தெரிந்த ஆள் தேவை. தினமும் மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு முழுச் சம்பளம், முதல் நாளிலிருந்து.'

அட்டை தொங்கிய ஒரு மணி நேரத்தில் பெரியவர் வந்து நின்றார். படிக்கட்டுக் கடைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. குனியத் தெரியாமல் கூரையில் இடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, முதல் நாளிலிருந்துன்னு எழுதியிருக்கே?"

"முதல் நாளும் வேலை செய்வாங்க இல்ல மாமா."

"நம்ம கடையில அஞ்சு பேர் கத்துக்கறாங்க. எல்லாரும் இந்த வழியாத்தான் பாத்ரூம் போறாங்க. காலையிலேருந்து ஒவ்வொருத்தியா நின்னு படிச்சிட்டு வந்து என் மூஞ்சியைப் பார்க்கிறாளுங்க."

"படிக்கத் தெரிஞ்சவங்கதானே, படிக்கட்டும்."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கஷ்டத்துல இருக்கேன்னு தெரியும். அதுல ரெண்டு பேரை உன்கிட்ட அனுப்பறேன். ஒரு பைசா தர வேண்டாம். கத்துக்கற பொண்ணுங்க, நாள் முழுக்க இருப்பாங்க. அட்டையை மட்டும் எடுத்துடு."

இலவசமாக இரண்டு ஆள். நாள் முழுக்க. மணிக்கட்டு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்த நேரம். சரி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஜிப்பம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மூணு வருஷம் நான் கத்துக்கிட்டேன் மாமா. நல்லாக் கத்துக்கிட்டேன். அதனாலதான் எழுதினேன். அட்டை அங்கேயேதான் இருக்கும்."

"குடும்பத்துக்குள்ள இப்படியா பேசறது?"

"குடும்பம்னுதான் மூணு வருஷம் பேசாம இருந்தேன்."

போகும்போதும் அவர் இடித்துக்கொண்டார்.

அட்டையைப் பார்த்து நாலைந்து பேர் வந்தார்கள். ஒருத்திக்குக் கூரை பிடிக்கவில்லை. ஒருத்தி மூன்று மணி நேரம் என்றால் நடுவில் எத்தனை இடைவேளை என்று கேட்டாள். இன்னொருத்தி ஜிப்பம்மாவின் மெஷினைப் பார்த்துவிட்டு, இது ஓடுமா என்றாள். அவளை ஜிப்பம்மாவே அனுப்பிவிட்டாள். ஐந்தாவதாக வந்தவள் நாற்பத்தைந்து வயதிருப்பாள். மெலிந்த உடம்பு, கொஞ்சம் கூன் விழுந்த முதுகு. அந்தக் கூரைக்கு அவள் குனியவே வேண்டியிருக்கவில்லை.

"எங்கே வேலை பார்த்தே?"

"ஆடைத் தொழிற்சாலையில. பத்தொன்பது வருஷம்."

"என்னென்ன தைப்பே?"

"காலர்."

"வேற?"

"காலர் மட்டும்தான் அக்கா. பத்தொன்பது வருஷமும் காலர். சட்டையோட மத்த பாகம் எல்லாம் வேற வேற ஆளுங்க தைப்பாங்க. முழுச் சட்டையை நான் கடையில தொங்கும்போதுதான் பார்த்திருக்கேன்."

"ஏன் விட்டுட்டே?"

"முதுகு வலிக்குது, சாஞ்சுக்கற மாதிரி நாற்காலி வேணும்னு கேட்டேன். உனக்குக் கொடுத்தா நானூறு பேருக்கும் கொடுக்கணும்னாங்க. கொடுங்களேன்னேன். மறுநாள் கேட்டுலேயே நிறுத்திட்டாங்க."

ஜிப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டாள். பெயர் காலர் என்றே நிலைத்துவிட்டது. மறுநாள் வீட்டிலிருந்து சாய்வு நாற்காலி ஒன்றைப் புருஷன் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அவர் சாப்பிட உட்காரும் நாற்காலி அது. அன்றிலிருந்து அவர் ஸ்டூலில்தான்.

ஆள் கிடைத்துவிட்டாள். கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

காலர் காலை ஒன்பது மணிக்கு வருவாள், பன்னிரண்டுக்குப் போவாள். நேர்த்தையலில் அவளை மிஞ்ச ஆளில்லை. கோடு போட்டாற்போல ஓடும். ஆனால் ஜிப்பம்மாவின் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. தையல் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருக்கலாமே? முடிச்சு உள்பக்கம் போட்டிருக்கலாமே? காலர் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பினாளோ இல்லையோ, ஜிப்பம்மா தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்துவிடுவாள். அவள் தைத்த ஒன்பது பேன்ட்டில் ஆறைப் பிரித்து, தன் கையால் திரும்பத் தைப்பாள். வலி தோள்வரை ஏறும். பல்லைக் கடித்துக்கொள்வாள். சம்பளமும் கொடுத்து, வேலையையும் செய்து, கையையும் கெடுத்துக்கொள்கிறோம் என்பது புரியாமல் இல்லை. விட முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒருநாள் காலர் குடையை மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்தாள். ஜிப்பம்மாவின் மடியில் ஒரு பேன்ட், கையில் கொக்கி, தரையெல்லாம் நீல நூல் துணுக்கு. காலையில் பாடுபட்டுத் தைத்த நீல நூல்.

காலர் சத்தம் போடவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா அக்கா?"

ஜிப்பம்மா பேன்ட்டை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"தொழிற்சாலையில என் காலரை இன்ஸ்பெக்டர் பார்ப்பார். தப்புன்னா மூஞ்சியில விட்டெறிவார். ஆனா என்ன தப்புன்னு சொல்லிட்டு எறிவார். நீங்க சொல்லவே இல்லையே? நான் போனதும் பிரிக்கிறீங்க. சம்பளமும் தர்றீங்க. இது சம்பளமா, பிச்சையா?"

"அப்படி இல்ல. இருபத்திரண்டு வருஷமா என் கை…"

"உங்க கை போச்சு அக்கா. அதுக்குத்தானே நான் வந்தேன்? பிரிக்கிறதுன்னா என் எதிர்ல பிரிங்க. காரணம் சொல்லிட்டுப் பிரிங்க. இல்லைன்னா நாளையிலேருந்து வேற ஆளைப் பாருங்க."

வேலைக்கு வந்து மூன்று வாரமான ஒருத்தி முதலாளியைப் பார்த்து இப்படிப் பேசினால் யாருக்குத்தான் சுர்ரென்று ஏறாது? ஜிப்பம்மாவுக்கும் ஏறியது. என் கடை, என் ஊசி, என் பெயர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த வார்த்தைகளை வேறு ஒரு குரலில் முன்பக்கக் கடையில் கேட்டிருக்கிறோமே என்று தோன்றியதும் விழுங்கிக்கொண்டாள். கொக்கியை எடுத்துக் காலரின் முன்னால் வைத்தாள்.

"முடிச்சு உள்பக்கம் போடணும். வெளியில போட்டா துவைக்கும்போது பிரியும். அதுதான் காரணம்."

"இதைச் சொல்ல மூணு வாரமா?"

"மத்ததுக்கெல்லாம் காரணம் இல்ல" என்று ஒப்புக்கொண்டாள் ஜிப்பம்மா. "எனக்குப் பொறுக்கல, அவ்வளவுதான்."

அன்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யார் தைத்ததையும் யாரும் சொல்லாமல் பிரிக்கக் கூடாது. முதலாளிக்கும் சேர்த்துத்தான். ஜிப்பம்மா அதைக் கடைப்பிடிக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். காலர் தைக்கும்போது கண் அந்தப் பக்கம் போகாமலிருக்க, பொத்தான் டப்பாக்களை நிறவாரியாக அடுக்குவாள். இரண்டு மாதத்தில் அந்தத் தெருவிலேயே மிக ஒழுங்கான பொத்தான் டப்பாக்கள் அவளுடையவைதான்.

அடுத்த ஆள் கண்டக்டர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வீட்டில் மனைவியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல், தினமும் இரண்டு மணி நேரம் ஏதாவது வேலை கிடைத்தால் போதும் என்று வந்தார். துணி வாங்குவது, சீட்டு எழுதுவது, ஆளைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பது அவர் பொறுப்பு. "உள்ளே போங்க, உள்ளே போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று எட்டடி அறைக்குள் வாடிக்கையாளர்களை நகர்த்துவார். துணியைத் தூக்கிப் பார்த்து, "இறங்க வேண்டிய இடம் எது, முட்டியா கணுக்காலா?" என்பார். தன் வாடிக்கையாளர்களிடம் வேறு ஒருவர் வாயாடுவதைக் கேட்க ஜிப்பம்மாவுக்கு முதலில் வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் ஒரு வாரத்தில் ஒன்றைக் கவனித்தாள். தன்னிடம் 'நாளைக்கே வேணும்' என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போகிறவர்கள், அவரிடம் வாயே திறப்பதில்லை. "அடுத்த வண்டி வியாழக்கிழமை" என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஹோட்டல் மேனேஜர் வந்தார். புதிதாகத் திறக்கப்போகிற ஹோட்டல். ஊழியர்களுக்குத் தைத்து வந்த நூற்று நாற்பது பேன்ட்டும் அளவு தப்பு. பன்னிரண்டு நாளில் திறப்பு விழா. எல்லாவற்றுக்கும் இடுப்பும் நீளமும் சரிசெய்ய வேண்டும்.

"உங்க கையைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க" என்றார், தலையைக் குனிந்தபடி. "அதனாலதான் வந்தேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நீங்க மட்டும்தான் தைக்கணும். கூலிக்கு வர்றவங்க யாரும் தொடக் கூடாது."

அவருக்கு இரண்டடி தள்ளி, சாய்வு நாற்காலியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

அத்தனை பெரிய வேலை அந்தப் படிக்கட்டுக்கு அடியில் இதுவரை வந்ததில்லை. 'சரி சார், நானே தைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே யார் தைத்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஜிப்பம்மா எழுந்து நின்றாள்.

"இங்கே கடை தைக்கும் சார். நான் இல்ல. அளவு நான் எடுப்பேன், இவங்க தைப்பாங்க, பொறுப்பு என்னுது. தப்பா இருந்தா என்னைக் கேளுங்க. பிடிக்கலைன்னா மூட்டையைத் தூக்கிட்டுப் போங்க."

மேனேஜர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு மூட்டை திரும்பி வந்தது. வேறு எந்தக் கடையும் பன்னிரண்டு நாளில் முடியாது என்றிருக்கிறது. "ஒவ்வொண்ணா அளந்து பார்ப்பேன்" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

காலர் ஆறு மணி நேரம் வர ஒப்புக்கொண்டாள். ஆறு மணி நேரத்துக்கான சம்பளத்தோடு. கண்டக்டர் ஒவ்வொரு பேன்ட்டுக்கும் எண் போட்டார். இஸ்திரிக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. ஜிப்பம்மா நேரே சட்டைக் கடைக்குப் போனாள்.

"மாமா, நூத்தி நாப்பது பேன்ட்டுக்கு இஸ்திரி. உங்க மேஜை, உங்க கரன்ட். அதுக்கு வாடகை தர்றேன். தேய்க்கிறது உங்ககிட்ட கத்துக்கற பொண்ணுங்க. அவங்க கூலியை அவங்க கையில நான் கொடுப்பேன்."

"என் கடைக்குள்ள நீ கூலி கொடுக்கிறதா?"

"உங்களுக்கு இஷ்டமில்லைன்னா பக்கத்துத் தெருவுல லாண்டரி இருக்கு."

சட்டைக் கடையில் அது வியாபாரம் மந்தமான மாதம். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'உன் இஷ்டம்' என்பதுபோல் கையை ஆட்டினார். ஐந்து பெண்களும் முறைவைத்துத் தேய்த்தார்கள். முதல் வாரக் கூலியை ஜிப்பம்மா ஒவ்வொருத்தியின் உள்ளங்கையிலும் வைத்தபோது, ஒருத்தி அதை மடித்து இடுப்பில் செருகாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை வேலை செய்தாள்.

பதினோராம் நாள், காலர் போன பிறகு மூன்று பேன்ட் மிச்சம் இருந்தன. மறுநாள் காலை அவளே முடித்துவிடுவாள். ஆனால் ஜிப்பம்மாவுக்குக் கை பரபரத்தது. நூற்று நாற்பதில் மூன்று பேன்ட்டாவது தன் கையால் என்று இருக்க வேண்டாமா? மெஷினில் உட்கார்ந்து மூன்றையும் தைத்தாள். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தைத்துத்தான் எழுந்தாள்.

மறுநாள் மேனேஜர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார், கையில் ஸ்கேலோடு. மேஜைமேல் ஒவ்வொன்றாக விரித்து அளந்தார். முப்பது, அறுபது, நூறு. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத எரிச்சல் முகத்தில். கடைசிக் கட்டில் அவர் கை நின்றது. ஒரு பேன்ட்டைத் தனியே வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"பாருங்க. இதுல தையல் முறுக்கிக்கிட்டுப் போகுது. இதுல ஒரு கால் விரல்கடை ஏறியிருக்கு. இதுல இடுப்புல சுருக்கம்." காலரை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்குத்தான் சொன்னேன். கூலிக்கு வர்றவங்க கையில கொடுத்தா இப்படித்தான் ஆகும்."

கண்டக்டர் சீட்டில் அந்த மூன்று எண்ணையும் தேடிக்கொண்டிருந்தார். காலர் தலையைக் குனிந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அந்த மூன்று பேன்ட்டும் யார் கை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஜிப்பம்மாவும் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். 'திருத்திக் கொடுத்துடறோம் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோயிற்று.

"சார்" என்றாள். குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. மேலே ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "அந்த மூணையும் நல்லாப் பார்த்துக்கங்க. அந்த மூணும் என் கை. நீங்க கேட்டு வந்த கை. நேத்து இவங்க போனப்புறம் நான் தைச்சது. மீதி நூத்தி முப்பத்தேழும் இவங்க கை. கூலிக்கு வர்ற கை."

மேனேஜர் ஸ்கேலைக் கீழே வைத்தார். மூன்று பேன்ட்டையும் பார்த்தார், ஜிப்பம்மாவைப் பார்த்தார்.

"திருத்தி எப்ப கிடைக்கும்?" என்றார் கடைசியில்.

"அதை இவங்களைக் கேளுங்க" என்றாள் ஜிப்பம்மா.

"ஒரு மணி நேரம்" என்றாள் காலர், நிமிராமல்.

அவர் போன பிறகு ஜிப்பம்மா மூன்று பேன்ட்டையும் காலர் முன்னால் வைத்தாள். "காலையில பார்த்தியா நீ?"

"வந்ததும் பார்த்தேன்."

"அப்பவே பிரிச்சிருக்கலாமே?"

"சொல்லாம பிரிக்கக் கூடாதுன்னு இருக்கே அக்கா. சொல்லிட்டுப் பிரிக்கலாம்னு இருந்தேன், நீங்க இஸ்திரிக்காரப் பொண்ணுங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க. அதுக்குள்ள அந்த மனுஷன் ஸ்கேலோட வந்து நிக்கிறார்."

கண்டக்டர் வெடித்துச் சிரித்தார். ஜிப்பம்மாவுக்கும் அடக்க முடியவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் சுபமாகிவிடவில்லை. இரண்டே வாரத்தில் மேனேஜர் காலரைத் தனியாகக் கூப்பிட்டு ஹோட்டலில் மாதச் சம்பள வேலை தருவதாகச் சொன்னார். காலர் அதை ஒளிக்காமல் வந்து சொன்னாள். ஜிப்பம்மா போகாதே என்று சொல்லவில்லை.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு. என்னால முடியறதைச் சொல்றேன். முடியலைன்னா போ, சந்தோஷமாப் போ."

"அங்கே நாள் முழுக்க பொத்தான் தைக்கணுமாம் அக்கா. பொத்தான் மட்டும்." காலர் கையை விரித்தாள். "எனக்கு ஒரு முழுச் சட்டை தைக்கணும். ஆரம்பத்திலேருந்து கடைசிவரைக்கும். அதைச் சொல்லிக் கொடுங்க. அஞ்சு மணி நேரம் வர்றேன். சம்பளமும் கூடக் கொடுங்க."

கூடக் கொடுத்தாள். சொல்லியும் கொடுத்தாள், முதல் நாளிலிருந்து சம்பளத்தோடு. காலர் தைத்த முதல் முழுச் சட்டை ஜிப்பம்மாவின் புருஷனுக்கு. ஒரு கை சற்று நீளம். ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அவர் அதைப் போட்டுக்கொண்டார்.

முன்பக்கக் கடையில் ஐந்து பெண்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மீதி மூன்று பேரும் ஒன்றாகப் போய்ப் பெரியவர் முன்னால் நின்று சம்பளம் கேட்டார்கள். பாதிச் சம்பளம் தர ஒப்புக்கொண்டார். மனம் மாறியல்ல, ஆளில்லாமல் கடை ஓடாது என்பதால். அன்றிலிருந்து அவர் ஜிப்பம்மாவோடு பேசுவதில்லை. குடும்ப விசேஷங்களில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் சுவரைப் பார்ப்பார். புருஷன் ஒரு தடவை, "அண்ணன்தானே, நீ ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்றார். "மீதிப் பாதியைக் கொடுக்கச் சொல்லுங்க, பேசறேன்" என்றாள்.

கை முழுக்கத் தேறவில்லை. தேறாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இப்போது அவள் அளவெடுக்கிறாள், குண்டூசி குத்துகிறாள், அவளால் மட்டுமே முடிகிற முரட்டு ஜிப்புகளை உயிர்ப்பிக்கிறாள். மெஷின் பக்கம் போவதில்லை. புதன்கிழமை மத்தியானம் கடைக்கே வருவதில்லை, சாவி காலரிடம். முதல் புதன்கிழமை வீட்டிலிருந்து நாலு தடவை போன் செய்தாள். ஐந்தாவது தடவை கண்டக்டர் எடுத்து, "வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்மா, ஓடற வண்டியில ஏறாதீங்க" என்று வைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்த வக்கீல் தெருவில் எதிர்ப்பட்டார். ஜிப்பம்மா வெறுங்கையை வீசிக்கொண்டு பூங்கா பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அவர் நின்று, கவலையோடு விசாரித்தார்.

"என்னம்மா, பகல்ல வெளியில பார்க்கிறேன்? வேலையிலேருந்து ஓய்வு எடுத்தாச்சா?"

"ஓய்வா?" என்றாள். "இருபத்திரண்டு வருஷம் எனக்கு நானே கூலிக்காரியா இருந்தேன் சார். முதலாளி ஆகி இப்பத்தான் ஒரு வருஷம் ஆகுது."

வக்கீலுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார். அவள் சாலையைக் கடந்து பூங்காவுக்குள் போனாள். மணி மூன்றுகூட ஆகவில்லை.